பந்தா, படிப்பா? சிவாஜிநகர்ப் பக்கத்து ஒரு பழைய வழக்கு

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து அல்சூர் பக்கம் போனால் கௌதமபுரம் என்று ஒரு இடம் வரும். நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள், காதில் விழுவதில் பாதிக்கு மேல் தமிழ். அங்கே நாலு பேருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா. நாலாவது யார் என்று நினைக்கிறீர்கள்? அரசியல்வாதி இல்லை, சினிமா நடிகரும் இல்லை. பிரேசில் நாட்டு பீலே! 2022 டிசம்பர் 29-ஆம் தேதி அவர் இறந்தபோது அந்தச் சிலைக்கு முன்னால் கூடி அஞ்சலி செலுத்தினார்கள், சொந்தத் தெருக்காரர் போன மாதிரி.

ஆனால் இந்தப் பதிவு பீலேயைப் பற்றி இல்லை. பந்தின் பின்னால் ஓடும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தி "படிக்கப் போறியா, விளையாடப் போறியா?" என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறோமே, அந்தக் கேள்வியைப் பற்றியது. அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. பையன் ஹைஸ்கூல் டீமில் ஆடுகிறான், காலேஜிலும் ஆட வேண்டும் என்கிறான். அப்பா கணக்கு மார்க்கைப் பார்த்துக் கவலைப்படுகிறார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில். எங்கள் வட்டாரத்தில் மட்டும் மூன்று வீடுகளில் இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் நான் வளர்ந்த சிவாஜிநகர்ப் பக்கத்தில் இதே வழக்கு நூறு வருஷமாக நடக்கிறது. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது என்று தோன்றியது.

(கால்பந்து என்று நான் சொல்வதெல்லாம் இங்கே சாக்கர் என்கிறார்களே, அது. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் வைத்தார்கள் என்று வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் பதில் சொல்லவில்லை :-) )

முதலில் ஊர்க்கதை. திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படைக்கு அந்த ஊர்த் தண்ணீரும் காற்றும் ஒத்துக்கொள்ளவில்லை. 1809 வாக்கில் படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். பழைய கோட்டையும் பேட்டையும் ஒரு பக்கம் இருக்க, அல்சூர் ஏரிப் பக்கம் புதிதாக எழுந்ததுதான் கண்டோன்மென்ட். படை என்றால் சிப்பாய் மட்டுமா? சமையல்காரர், சலவைக்காரர், தையல்காரர், கொத்தனார், கறிக்கடைக்காரர், வட்டிக்கடைக்காரர் என்று ஒரு ஊரே கூட வரும். அது மதராஸ் ராணுவம் என்பதால் வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கிளம்பி வந்த குடும்பங்கள் இவை. இன்றைக்கு நாம் விசா வாங்கி விமானம் ஏறி வந்த மாதிரி அவர்கள் படையோடு நடந்து வந்தார்கள். அவர்களும் வேலை தேடிப் போன குடியேறிகள்தான்.

சிவாஜிநகருக்கு அப்போது பிளாக்பள்ளி என்று பெயர். மாதா கோயிலும், 1927-இல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட்டும், மசூதிகளும், தமிழும் உருதுவும் தெலுங்கும் கன்னடமும் கலந்த பேச்சும்தான் அந்தப் பகுதி. 1881 முதல் 1947 ஜூலை வரை கண்டோன்மென்ட் மைசூர் மகாராஜாவின் நிர்வாகத்தில் இல்லை. 'சிவில் அண்ட் மிலிடரி ஸ்டேஷன்' என்ற பெயரில் ஆங்கிலேயரே நேரடியாக ஆண்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் தலைமையகம். அதன் சிப்பாய்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். வடக்கத்தி அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஆங்கிலேயப் பட்டாளம் இருக்குமிடத்தில் கால்பந்து இருக்கும். சிம்லாவில் 1888-இல் டூரண்ட் கோப்பை, பம்பாயில் 1891-இல் ரோவர்ஸ் கோப்பை, இரண்டுமே பட்டாளத்துப் போட்டிகளாகப் பிறந்தவை. பெங்களூர் கண்டோன்மென்டிலும் மாலையானால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மைதானத்தில் பூட்ஸ் போட்டு ஆடினார்கள். ஓரத்தில் நின்று பார்த்த பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடக் கற்றுக்கொண்டார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை, பேட், கிளவுஸ், வெள்ளை உடை எல்லாம் வேண்டும். கால்பந்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பந்து போதும். அதுவும் இல்லாவிட்டால் துணிப்பந்து. சமையல்காரர் வீட்டுப் பிள்ளையும் தையல்காரர் வீட்டுப் பிள்ளையும் எந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லவா வேண்டும்?

படிப்புக்கு என்ன வழி இருந்தது? இங்கே ஒரு தமிழரைச் சொல்லியாக வேண்டும். ஆற்காடு நாராயணசாமி முதலியார். கண்டோன்மென்டில் வியாபாரத்திலும் கட்டட ஒப்பந்தத்திலும் சம்பாதித்தவர். பெங்களூரின் சிவப்புக் கட்டடம் அட்டாரா கச்சேரி (இன்றைய ஹைகோர்ட்) அவர் எடுத்துக் கட்டிய வேலைதான். 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் ஆரம்பித்த பள்ளி, ராவ் பகதூரா ராய் பகதூரா என்று சண்டை போடத் தேவையில்லாமல் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளிலேயே இன்றைக்கும் நடக்கிறது. (ராய் பகதூர்தான்!) அந்தப் பள்ளிக்கு ஒரு மைதானம் உண்டு. கண்டோன்மென்ட் பக்கத்துக்காரர்களுக்கு 'ஆர்பிஏஎன்எம்ஸ் கிரவுண்ட்' என்றாலே ஞாயிற்றுக்கிழமை மேட்ச்தான். சுவரில் உட்கார்ந்து பார்த்த கூட்டத்தில் நானும் ஒருவன். பள்ளிக்கூடத்தையும் மைதானத்தையும் ஒரே தர்மகர்த்தா கொடுத்திருக்கிறார். இரண்டும் வேண்டுமா என்று எங்கள் வீடுகளில்தான் விவாதம்.

பெரியவர்கள் வாயில் திரும்பத் திரும்ப வந்த வருஷம் 1937. அந்த வருஷம் பெங்களூர் முஸ்லிம்ஸ் கிளப் பம்பாய் போய் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? கல்கத்தா லீகைத் தொடர்ந்து வென்று கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்த முகமதன் ஸ்போர்ட்டிங். பட்டாளத்து அணிகளே வென்றுகொண்டிருந்த அந்தக் கோப்பையை வாங்கிய முதல் இந்தியச் சிவிலியன் அணி பெங்களூர் அணிதான். அடுத்த வருஷம் மறுபடியும் ஜெயித்தார்கள், இந்தத் தடவை ஒரு ஸ்காட்லாந்து பட்டாளத்தைத் தோற்கடித்து. பிறகு 1946-47-இல் சந்தோஷ் டிராபியில் மைசூர் அணி வங்காளத்தை வென்றது. 1952-53-இல் மறுபடியும். மைசூர் அணி என்று பெயரே தவிர, ஆட்களில் பெரும்பாலோர் கண்டோன்மென்ட் பக்கத்தவர்கள். அந்தக் கொஞ்சூண்டு இடத்திலிருந்து!

1948-க்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக்ஸ், லண்டன். கால்பந்து அணியின் பட்டியலைப் படித்தால் நம் ஊர் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். சாரங்கபாணி ராமன், வரதராஜ், சண்முகம், வஜ்ரவேலு, தன்ராஜ். கூடவே பெங்களூரின் அகமது கான், சத்தார் பஷீர். ஜூலை 31-ஆம் தேதி இல்ஃபோர்டு மைதானத்தில் பிரான்ஸுக்கு எதிராக ஆடினார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு. முதல் கோல் பிரான்ஸ் போட்டது. எழுபதாவது நிமிஷம் வாக்கில் ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக் கால்பந்தில் கிடைத்த முதல் கோல் அது. இரண்டு பெனால்டியைக் கோட்டை விட்டதால் கடைசியில் 2-1 என்று தோற்றோம்.

அந்த அணியின் கேப்டன்தான் நம் வழக்கில் முக்கியமான சாட்சி. தாலிமெரன் ஆவோ. நாகா மலையைச் சேர்ந்தவர். அப்பா பாதிரியார். பையன் டாக்டராகி சொந்த மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆவோ பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே அவர் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை முதலில் கௌஹாத்தி காட்டன் காலேஜில் படித்தார். பிறகு கல்கத்தாவில் கார்மைக்கேல் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். அதே கல்கத்தாவில் மோகன் பகானுக்கு ஆடினார். ஒலிம்பிக்ஸில் இந்தியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அவர் இன்னும் மெடிக்கல் ஸ்டூடன்ட்! இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் அவரைக் கேட்டதாகவும், படிப்பை முடிக்கணும் என்று மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார், ஊருக்குத் திரும்பினார், நாகாலாந்தின் சுகாதார இயக்குநராகப் பதவி வகித்தார்.

ஆக, ஒரே அணி, ஒரே சட்டை. கேப்டன் கையில் அனாடமி புத்தகம். நம்ம பெங்களூர்ப் பிள்ளைகள் கையில்? பெரும்பாலோருக்குப் பந்து மட்டும்தான். ஆவோவை விட இவர்கள் கெட்டிக்காரத்தனத்தில் குறைந்தவர்கள் இல்லை. அகமது கானை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய அப்பாவே கால்பந்துக்காரர். ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் புகழ்பெற்ற ஐந்து முன்கள வீரர்களைக் கல்கத்தாவில் 'பஞ்ச பாண்டவர்' என்பார்கள், அதில் ஒருவர் இவர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று உதை வாங்கினோமே, அந்த ஒற்றை கோல் அகமது கானுடையது. (பூட்ஸ் கட்டாயம் என்ற விதி நம் நாட்டில் வந்தது அந்தத் தோல்விக்குப் பிறகுதான்.) வித்தியாசம் எங்கே என்றால், ஆவோவுக்குப் பின்னால் ஒரு காலேஜ் இருந்தது. அவர் ஆடுவதையும் படிப்பதையும் சேர்ந்தே பொறுத்துக்கொண்ட ஒரு ஏற்பாடு இருந்தது. கண்டோன்மென்ட் பையனுக்கு அப்படி ஒன்று இல்லை.

இதே கதையைச் செகந்திராபாத் கண்டோன்மென்டிலும் பார்க்கலாம். அதுவும் தமிழர்கள் படையோடு போய்த் தங்கிய ஊர்தான். துளசிதாஸ் பலராம் அங்கே அம்முகுடாவில் ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. விளையாட்டு சோறு போடாது என்பது வீட்டில் நினைப்பு. பெரிய கோச் ரஹீம் அவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வா என்கிறார். அவ்வளவு தூரம் வர சைக்கிள் இல்லை என்கிறார் பையன். வாடகை சைக்கிளுக்கு ரஹீமே காசு கொடுத்தாராம். பலராமே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்ன விஷயம் இது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் நாலாவது இடம், 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். அந்தத் தங்க அணியில் பலராம், பீட்டர் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று நம் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆனால் நெஞ்சு நோய் வந்து பலராம் ஆட்டத்தை நிறுத்தியபோது அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ரயில்வே அணிக்கு ஆடியதால் ரயில்வே வேலை இருந்தது, தப்பித்தார். 2023 பிப்ரவரியில்தான் காலமானார்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பூங்கம் கண்ணன் என்று ஒருவர். வந்தவாசியில் பிறந்து, பெங்களூரில் ஆடி, கல்கத்தா போனவர். ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் அவரை 'ஆசியாவின் பீலே' என்று சொன்னதாக அந்தக் காலத்து ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். மோகன் பகான் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2019-இல் கல்கத்தாவில் இறந்தார். கடைசி வருஷங்கள் வசதியாக இல்லை. மருத்துவச் செலவுக்கு மற்றவர்கள் கை கொடுக்க வேண்டியிருந்தது. பிரேசில் பீலேக்கு நம் தெருவில் சிலை இருக்கிறது, நம்ம ஊர்ப் பீலேயின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, 'விளையாட்டு சோறு போடாது' என்ற பெரியவர்கள் சொன்னதுதான் சரியா? அங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

பெங்களூரில் சோறு போட்டது! எப்படி? எச்.ஏ.எல். 1940-இல் வந்தது. ஐ.டி.ஐ. என்ற டெலிபோன் தொழிற்சாலை 1948-இல். எச்.எம்.டி. 1953. பி.இ.எல். 1954. பிறகு எல்.ஆர்.டி.இ. போன்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் தொழிலாளர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்பந்து அணி. நன்றாக ஆடும் பையனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் தொழிற்சாலை, மாலையில் பிராக்டிஸ், மாதம் பிறந்தால் சம்பளம். பி.எஃப்., கிராஜுவிட்டி, ஈ.எஸ்.ஐ., குவார்ட்டர்ஸ். கூலி வேலை செய்த அப்பாவின் மகன், ஒரு பந்தை நேராக உதைக்கத் தெரிந்ததால் மத்திய அரசுத் தொழிற்சாலை ஊழியர். அவனுடைய தங்கச்சிக்கு நல்ல இடத்தில் கல்யாணம். அவனுடைய பிள்ளைகள் கம்பெனிப் பள்ளிக்கூடத்தில். கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் ஒரு தலைமுறையையே தூக்கிவிட்ட ஏணி இது.

இந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்பதற்கு ஒரு வருஷம் சொன்னால் போதும். 1977. இந்தியாவின் பெரிய கிளப்புகளுக்காக முதல்முறையாக ஃபெடரேஷன் கோப்பை நடத்தினார்கள், கொச்சியில். இறுதி ஆட்டத்தில் ஒரு பக்கம் மோகன் பகான், அந்த வருஷமே கல்கத்தாவில் பீலேயின் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்யப்போகிற அணி. மறுபக்கம் பெங்களூர் ஐ.டி.ஐ. டெலிபோன் செய்யும் கையும் பந்து உதைக்கும் காலும். 1-0 என்று ஐ.டி.ஐ. ஜெயித்தது! அதற்குச் சில வருஷம் முன்புதான் மைசூர் அணி 1967-68, 1968-69 என்று அடுத்தடுத்து இரண்டு சந்தோஷ் டிராபி வென்றிருந்தது. இரண்டு தடவையும் இறுதியில் தோற்றது வங்காளம்.

ஆனால் இந்த ஏணியில் ஒரு சூட்சுமம் இருந்தது. பந்து வேலை வாங்கிக் கொடுக்கும், ஆனால் எந்த வேலை என்பதை எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட்தான் முடிவு செய்யும். ஒரே அணியில் லெஃப்ட் விங் ஆடுபவன் பி.யூ.சி. பாஸ் செய்திருந்தால் ஆபீசில் கிளார்க், பிறகு சூப்பர்வைசர், அப்புறம் ஆபீசர். ரைட் விங் ஆடுபவன் எட்டாவதோடு நின்றிருந்தால் ஹெல்ப்பர். ஆடுகிற வரை இரண்டு பேருக்கும் ஒரே கைதட்டல். முப்பத்திரண்டு வயதில் முட்டி போனபின், இன்னும் இருபத்தாறு வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது. அந்த இருபத்தாறு வருஷம் எங்கே உட்கார்ந்து கழிப்பது என்பதுதான் விஷயம். எங்கள் தெருப் பெரியவர்களில் இரண்டு வகையையும் பார்த்திருக்கிறேன். பந்து ஆடியதற்காக வருத்தப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டதற்காக வருத்தப்பட்டவர்கள் நிறைய.

இதைச் சரிசெய்ய யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். பள்ளிகளுக்கு இடையே 1960-இல் சுப்ரதோ கோப்பை ஆரம்பமானது. பள்ளியில் படிக்கிற பிள்ளைதான் ஆடலாம் என்பதே ஒரு நல்ல நிபந்தனை. 1987-இல் ஜம்ஷெட்பூரில் டாடா கால்பந்து அகாடமி வந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, பயிற்சியோடு படிப்புக்கும் வழி செய்தார்கள். நம்ம ஆஸ்டின் டவுன் பையன் கார்ல்டன் சாப்மன் 1990 வாக்கில் அங்கே போனவர்தான். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடி, 1993-இல் ஈராக்கின் அல் ஜவ்ரா அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார். ஜே.சி.டி.யோடு முதல் நேஷனல் லீகை வென்றார். 1997-இல் இந்திய அணிக்குக் கேப்டன். ஆடி முடித்தபின் கோச்சாக வாழ்ந்தார். 2020 அக்டோபரில், ஐம்பது வயதுகூட ஆகாமல், மாரடைப்பில் போய்விட்டார். ஊரே அழுதது.

தொழிற்சாலை ஏணி மட்டும் மெதுவாக முறிந்தது. தாராளமயம் வந்தபின் பொதுத்துறையில் ஆள் எடுப்பதே குறைந்தது. டெலிபோன் தொழிற்சாலைக்கு ஆர்டர் இல்லை, 2016-இல் எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைகளுக்குக் கதவடைப்பு. எச்.ஏ.எல். அணி ஐ-லீகில் இரண்டு சீசன் தாக்குப்பிடித்து 2012-இல் கீழே இறங்கியது. 2013-இல் பெங்களூரு எஃப்.சி. வந்தது, முழுக்க முழுக்க தொழில்முறை கிளப். வந்த முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன். 2016-இல் ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். 2023 மார்ச்சில் சவூதியின் ரியாத்தில் கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று வென்று 54 வருஷத்துக்குப் பிறகு சந்தோஷ் டிராபியைத் தூக்கியது. சந்தோஷம்தான். ஆனால் தொழில்முறை கிளப்பில் இருபத்தைந்து பேருக்கு இடம். பழைய பெங்களூரில் பத்துப் பன்னிரண்டு தொழிற்சாலைகளில் சில நூறு பேருக்கு இடம் இருந்தது. இந்தக் கணக்கை யாரும் ஸ்கோர்போர்டில் போடுவதில்லை.

இப்போது நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வருவோம். நான் இருக்கும் அமெரிக்கக் கணக்கு மட்டும்தான் எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

இங்கே காலேஜும் ஆட்டமும் ஒன்றாகவே கட்டப்பட்டிருக்கின்றன. ஆவோவுக்குக் கல்கத்தாவில் தற்செயலாக அமைந்தது இங்கே ஒரு ஏற்பாடாகவே இருக்கிறது. அதனாலேயே நம் அப்பாக்களுக்கு ஒரு பேராசை வருகிறது: "ஆடினால் ஃபுல் ஸ்காலர்ஷிப் கிடைக்குமாமே!" கொஞ்சம் பொறுங்கள். ஹைஸ்கூலில் ஆடும் பையன்கள் நூறு பேரில் என்.சி.ஏ.ஏ. காலேஜ் அணிகளுக்குப் போகிறவர்கள் ஐந்தாறு பேர். முதல் பிரிவுக்குப் போவது ஒன்றிரண்டு. முதல் பிரிவில் ஆண்கள் கால்பந்து அணி ஒன்றுக்கு நெடுங்காலமாக 9.9 ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதை இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். பெண்கள் அணிக்கு 14. (1972-இன் 'டைட்டில் நைன்' சட்டத்தின் புண்ணியம் பெண்களுக்கு இங்கே ஆட்டத்தில் வழி திறந்தது. மகளைப் பெற்றவர்கள் கவனிக்க!) 2025-இல் வந்த ஒரு கோர்ட் சமரசத்தின்படி, அதை ஏற்ற காலேஜ்களில் இந்த உச்சவரம்பு போய், அணிக்கு 28 பேர் என்று தலைக்கணக்கு வந்திருக்கிறது. 28 பேருக்கும் பணம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, கொடுக்கலாம் என்றுதான் அர்த்தம். மூன்றாம் பிரிவுக் காலேஜ்களிலும் ஐவி லீகிலும் ஆட்டத்துக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஆனால் நல்ல ஆட்டக்காரனுக்கு அட்மிஷனில் அது ஒரு பலம்.

இன்னொன்று. முதல் பிரிவில் ஆட ஹைஸ்கூலில் 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் சராசரி 2.3-க்குக் குறையக் கூடாது. அந்தப் பதினாறில் பத்தை கடைசி வருஷம் தொடங்குமுன்பே முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், ஜூன் 15-லிருந்துதான் கோச்கள் பையனிடம் நேரடியாக ஆள்சேர்ப்புப் பேச்சு பேசலாம். விசாவில் இருக்கும் பிள்ளைகள், விளம்பரப் பணம் தருகிறேன் என்று யாராவது வந்தால் வக்கீலைக் கேட்காமல் கை நீட்டக் கூடாது. அந்தஸ்துக்கே ஆபத்து.

கவனித்தீர்களா? ஐ.டி.ஐ.யில் எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் செய்த வேலையை இங்கே அந்தப் பதினாறு பாடங்கள் செய்கின்றன. ஊர் மாறியது, கண்டம் மாறியது, சூட்சுமம் மாறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் பதினொன்றாம் வகுப்பு. நல்ல டிஃபெண்டர். அப்பா போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "நீங்க பெங்களூர்க்காரர், ஃபுட்பால் தெரியும், அவன்கிட்டச் சொல்லுங்க, இது சரிப்பட்டு வராதுன்னு" என்றார். பையனிடம் பேசினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அங்கிள், நம்ம ஆளுங்க யாராவது ஆடியிருக்காங்களா?" டிவியில் அவன் பார்க்கும் முகங்களில் ஒன்றும் அவன் அப்பா முகம் மாதிரி இல்லை. தன் ஆசையே ஏதோ இரவல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ராமனையும் அகமது கானையும் 1977-ஐயும் சொன்னேன். வெறுங்காலா என்று இரண்டு தடவை கேட்டான். ஆவோ கதையைச் சொன்னபோது அவன் அப்பா டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அப்பாவுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் கோச்சைப் பார்க்கும்போது "எத்தனை மேட்ச் இறக்குவீங்க?" என்று பையன் கேட்கட்டும். நீங்கள் வேறு மூன்று கேள்வி கேளுங்கள். போன நாலு வருஷத்தில் உங்கள் அணியில் எத்தனை பேர் டிகிரி முடித்தார்கள்? லேப் உள்ள பாடம் எடுத்தவர்கள் எத்தனை பேர், பிராக்டிஸ் நேரத்தோடு அது ஒத்துவந்ததா? முட்டி போனால் ஸ்காலர்ஷிப் என்ன ஆகும்? இதற்கு நேராகப் பதில் சொல்கிற கோச், சைக்கிள் வாடகை கொடுத்த ரஹீம் ஜாதி. மழுப்புகிறவரிடம் பிள்ளையை விட வேண்டாம். பிறகு முடிவைப் பையனே எடுக்கட்டும்.

"ஆடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். வட ஆற்காட்டிலிருந்து நடந்துவந்த ஒரு குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸும் பென்ஷனும் வாங்கிக் கொடுத்த ஆட்டம் அது. கௌதமபுரத்துத் தெருக்களில் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, ரஸ்ஸல் மார்க்கெட்டில் பழம் வாங்கிய கையோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஆர்பிஏஎன்எம்ஸ் கிரவுண்டுக்கு அழைத்துப்போங்கள். சுவரில் உட்கார இடம் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "அண்ணே, அந்தக் காலத்துல யாரு நல்லா ஆடுவாங்க?" என்று மட்டும் கேளுங்கள். மேட்ச் முடிந்த பிறகும் அவர் முடிக்க மாட்டார்.